உழைப்பு நகருக்குள், வீடு நகருக்கு வெளியே

சென்னையின் ஏற்றத்தாழ்வைப் பேசும்போது நாம் பெரும்பாலும் வீட்டின் அளவையே ஒப்பிடுகிறோம். ஒருபுறம் நீச்சல் குளத்துடன் கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மறுபுறம் ஒற்றை அறை. அதைவிடக் கொடிய இடைவெளி, ஏழையின் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள தூரம் என்று கருதுகிறேன். அந்தத் தூரம் தானாக உருவானதல்ல.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. தொடக்கக் காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலோ, அதற்கு அருகிலோ மாடிக் குடியிருப்புகளை எழுப்புவதே வாரியத்தின் முதன்மையான வழிமுறை. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் அதற்கு ஒரு சான்று. வீடு சிறியது, ஆனால், மீனவருக்குக் கடலும், மீன் விற்கும் பெண்ணுக்குச் சந்தையும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன.

2000-ஐ ஒட்டி இந்த அணுகுமுறை மாறியது. நகரின் நடுவே நில மதிப்பு உயர்ந்தது. நதிக்கரைச் சீரமைப்புக்கும் சாலை, ரயில் திட்டங்களுக்கும் இடம் தேவைப்பட்டது. புறநகரில் அரசு நிலம் கிடைத்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனப் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய, தண்ணீர் தேங்கும் பகுதியே.

காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் மற்றொரு வீட்டிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு, இருபது கிலோமீட்டர் என்பது ஒரு வீட்டு வேலையை இழப்பதாகும். 2021-இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவருடைய பணத்தைக் காக்கிறது. நேரத்தை அதனால் மீட்டுத்தர இயலாது. முகவரியைக் கேட்டதும் வேலை தர மறுக்கிறார்கள் என்பதும் கண்ணகி நகர் மக்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை.

பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரத்துக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் கூறியது. வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே அவர்கள் அங்கு வாழ்கிறார்கள் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. உரிய நடைமுறைப்படி அகற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை என்பது உண்மைதான். எனினும், வீடும் பிழைப்பும் பிரிக்க முடியாதவை என்ற உண்மை அதில் பதிவாகியுள்ளது.

நகரின் நடுவே இடமில்லை என்பதே வழக்கமான பதில். வணிக வளாகங்களுக்கும் சொகுசுக் குடியிருப்புகளுக்கும் கிடைக்கும் இடம், அவற்றைத் துப்புரவு செய்பவருக்கு மட்டும் கிடைக்காமல் போவது எப்படி? பழைய வாரியக் குடியிருப்புகளை அதே இடத்தில் புதுப்பிப்பதும், வேலையிடங்களுக்கு அருகே அரசே வாடகை வீடுகள் கட்டுவதும் இயலாதவை அல்ல.

2021-இல் வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என மாறியது. வாழ்விடம் என்பது நான்கு சுவர்கள் மட்டுமல்ல. பள்ளியும் மருத்துவமனையும் பிழைப்பும் சேர்ந்ததே வாழ்விடம். அந்தப் பெயருக்குரிய பொருளைக் கொள்கையிலும் காண வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.