அத்திப்பட்டு மின்சாரம் ஏன் மண்ணுக்குள் போவதில்லை?

கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்திப்பட்டு புதுநகரைக் கடக்கிறவர்களுக்கு டவர் லைன்கள் புதிதல்ல. அருகிலுள்ள வல்லூர் அனல்மின் நிலையம் மட்டுமே 1,500 மெகாவாட். அந்த மின்சாரம் 400 கிலோவோல்ட்டில் அலமாதி போன்ற துணைமின் நிலையங்களுக்குப் போகிறது. சென்னைத் தெருக்களில் கேபிளைப் புதைக்கிறவர்கள் இதையும் புதைத்தால் என்ன? செலவு பல மடங்கு என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணம்.

கேபிளின் நடுவில் உலோகக் கடத்தி, அதைச் சுற்றி கனமான பிளாஸ்டிக் காப்பு, அதற்கு மேல் பூமியோடு இணைத்த உலோக உறை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே காப்புப்பொருள் இருந்தால் அதுவே மின்தேக்கி. மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி போடுவதால், கேபிள் ஓயாமல் மின்னேற்றம் பெற்று இறக்கிக்கொண்டே இருக்கும். 400 கிலோவோல்ட் கேபிளில் இதற்கே கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து ஆம்பியர் போய்விடும். சில பத்து கிலோமீட்டரில், வாங்கிய கூலி பஸ் டிக்கெட்டுக்கே தீர்ந்த கதைதான். வழியில் ரியாக்டர் என்ற கம்பிச்சுருள் வைத்துச் சரிக்கட்டலாம், அதற்கும் பணம் வேண்டும். காற்றில் தொங்கும் கம்பிக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான்.

நேர்மின்னோட்டத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2021-இல் தொடங்கப்பட்ட புகளூர்–திருச்சூர் நேர்மின் வழித்தடம் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் ஓட முடிவது அதனால்தான். தங்கள் நிலத்தின் மேல் போகும் மேல்கம்பிகளைப் பார்த்து, கொங்கு விவசாயிகள் 'அங்கே முடியும், இங்கே ஏன் முடியாது' என்று கேட்டது நியாயமான கேள்வி.

அத்திப்பட்டை ஒட்டிய எண்ணூர்க் கரையில் மேல்கம்பிக்கும் ஒரு பகை உண்டு: உப்புக்காற்று. இன்சுலேட்டரில் படியும் உப்பு காய்ந்திருக்கும்வரை சும்மா இருக்கும். மார்கழிப் பனியில் நனைந்ததும் மின்சாரம் அதன் மேலேயே தாவி, லைன் டிரிப் ஆகும். மழை கழுவிவிட்டால் உண்டு. இல்லாவிட்டால் ஆள் கழுவ வேண்டும், அல்லது நீரை ஒட்டவிடாத சிலிக்கோன் இன்சுலேட்டர் மாட்ட வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது பட்டது தனிக்கதை.

புதைத்த கேபிளுக்கு உப்பும் புயலும் தெரியாது. ஆனால் பழுதானால் இடம் கண்டுபிடித்து, தோண்டி, தூசிபடாமல் கூடாரம் போட்டு ஜாயின்ட் போட வாரக்கணக்காகும். மேல்கம்பியில் மின்னல் அடித்தால், பிரேக்கர் திறந்து ஒரு நொடி வாக்கில் தானே மூடிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி உருக்காலைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. மின்சாரம் வர நேரமானால் உருகிய இரும்பு உலையிலேயே இறுகிவிடும்.