குட்டிக்கு எட்டும் உயரத்தில்

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டும் இந்தப் பக்கத்துக் காடுகளில் காலங்காலமாக விளைகிற, பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிற பயிர்கள். இரண்டுமே ஒரு நாய்க்குட்டியைக் கொல்லவும் கூடியவை.

நாய் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் சாக்லேட்டில்தான் தொடங்கும். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வளரப்போகிற குட்டிக்குச் சாக்லேட்டைவிட ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டைதான் சுலபமாக எட்டும். ஆகவே குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவருவதற்கு முந்தின நாள், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்வரை என்னென்ன இருக்கிறது என்று வீட்டையும் களத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு மாதக் குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். ஈறு குறுகுறுக்கும் இந்தக் காலம் முழுக்க செருப்பு, வயர், கயிற்றுக் கட்டில் என்று எது கிடைத்தாலும் கடிக்கும். வயரை மேலே தூக்கிக் கட்டுங்கள், மின்கசிவைத் தடுக்கும் ட்ரிப்பர் இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுங்கள். அது குட்டிக்கு மட்டுமல்ல, குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

ஆமணக்கு விதையில் இருப்பது ரிசின் என்ற புரதம். செல்லுக்குள் நுழைந்து, புரதம் தயாராகும் வேலையையே நிறுத்திவிடும். விதையின் ஓடு கெட்டியானது. முழுதாக விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து உடைத்தால்தான் ஆபத்து. குட்டி கடிக்காமல் விழுங்குமா என்ன? எண்ணெயோடு ரிசின் போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. சரியாகச் சூடேற்றாத புண்ணாக்கில் நஞ்சு அப்படியே இருக்கும். அதன் வாசமோ நாய்களை இழுக்கும். எலுமிச்சை மரத்துக்கும் ரோஜாத் தொட்டிக்கும் அதை உரமாகப் போட்டுவிட்டுக் குட்டியை அவிழ்த்துவிட்டால், அது நேராக அங்கேதான் போய்த் தோண்டும். வாந்தியும் ரத்தப்பேதியும் உடனே வராது. பல மணி நேரம் கழித்தும், சில சமயம் மறுநாளும் வரும் என்பதால் புண்ணாக்கின் மேல் யாருக்கும் சந்தேகம் போவதில்லை.

மரவள்ளியின் கதை வேறு. பச்சைக் கிழங்கிலும் இலையிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி அதே செடியில் தனியாக ஒதுங்கியிருக்கும். கடித்து நசுக்கினால் இரண்டும் கலந்து சயனைடு உண்டாகிறது. கிழங்கைவிடத் தோலில் இது அதிகம். வேகவைத்த கிழங்குத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. உரித்துப் போட்ட பச்சைத் தோல் குவியலில்தான் குட்டியை விளையாட விடக்கூடாது.

அரளியைச் சொல்லாமல் சேலத்தைச் சொல்ல முடியாது. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏக்கர் கணக்கில் அரளி, மொட்டாகவே பறித்து வெளியூர் அனுப்புகிறார்கள். ஆடு மாடு மேயாது என்பதால் நெடுஞ்சாலை நடுவிலும் அதுதான். அதன் இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் ஒலியாண்ட்ரின் இருக்கிறது, காய்ந்த பிறகும் போவதில்லை. வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குப் போட்ட மாலையை மறுநாள் வாசல் ஓரத்தில் வீசுகிற பழக்கம் இருந்தால், குட்டி வந்த பிறகு அதை விட்டுவிட வேண்டும். தங்க அரளிக் காயும் இதே மாதிரி நஞ்சுதான்.

கோழிப்பண்ணை உள்ள வீடுகளில் இன்னொன்று. ரத்தக் கழிச்சலைத் தடுக்கக் குஞ்சுத் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பு, நாய்க்கு நஞ்சு. பின்னங்கால்கள் தளர்ந்து எழுந்திருக்க முடியாமல் போகும். தீவன மூட்டையைப் பலகை மேல் ஏற்றிவிட்டால் எலியிடமிருந்தும் கொஞ்சம் தப்பும். எலி மருந்தைப் பொறுத்தவரை என் யோசனை ஒன்றுதான்: குட்டி இருக்கும் வரை கூண்டு வையுங்கள், கேக்கும் பேஸ்டும் வேண்டாம். சாம்பார் சோறும் கவனம். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே நாயின் ரத்தச் சிவப்பணுக்கள் சேதமாகும். இரண்டு கிலோ குட்டிக்கு அது ஒரு சின்னக் கைப்பிடி சின்ன வெங்காயம்தான்.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது பார்வோ. 1978 வாக்கில் உலகெங்கும் நாய்களிடம் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பிய வைரஸ் இது. மேலே கொழுப்புறை இல்லாததால் சோப்பும் சாதாரண பினாயிலும் அதை அசைப்பதில்லை. நிழலான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். போன வருஷம் ஒரு குட்டி ரத்தமாகக் கழிந்து செத்த வீட்டுக்கு இந்த வருஷம் புதுக்குட்டி வந்தால், அதே திண்ணை ஓரத்திலிருந்து நோய் மீண்டும் தொற்றலாம். தரையை முதலில் நன்றாகக் கழுவி அழுக்கு நீக்கிவிட்டு, கடையில் கிடைக்கும் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வீண். மண் தரையை அப்படிக் கழுவ முடியாது. வெயில் நன்றாகப் படும்படி திறந்துவிட்டு, குட்டியை வேறு இடத்தில் வளர்ப்பதே வழி.

“நாட்டு நாய்க்கு எதுக்குங்க ஊசி?” என்பார்கள். பார்வோ ஜாதி பார்ப்பதில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கும். ஆனால் அதுவே தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்தக் குட்டிக்கு அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்துவது பாதிக் கிணறு தாண்டுவதுதான். அதுவரை தெருநாய் வந்துபோகும் இடத்தில் குட்டியை இறக்காதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி.

சுவர் விரிசலையும் பூசிவிடுங்கள். நாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, அந்த விரிசலில். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குட்டிக்கு அடித்துவிடுவது இங்கே சகஜம். எடைக்கு மிஞ்சிய அளவு உண்ணியோடு குட்டியையும் சாய்த்துவிடும்.

ஏதாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரை எடுக்கும். தின்றதன் மிச்சம், விதை, இலை, மருந்து அட்டை எதுவானாலும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சேலம் பக்கம் தலைவாசலிலும் ஒன்று வந்துவிட்டது. எத்தனை மணிக்குத் தின்றது, குட்டி எத்தனை கிலோ: மருத்துவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.