பூரான்: காட்டிலும் வீட்டிலும்

பூரான் என்பது கணுக்காலிகளுள் பல்காலிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த, நஞ்சுடைய ஊனுண்ணி ஆகும். உலகில் 3,000-க்கும் மேற்பட்ட பூரான் இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. செந்நிறமுள்ள பெரிய வகையைச் செய்யான் என்றும் கூறுவர். இலங்கைத் தமிழில் மட்டத்தேள் என்ற பெயரும் உண்டு. பெயரில் தேள் இருந்தாலும், எட்டுக் கால்களுடைய தேள் சிலந்திக்கு உறவே தவிரப் பூரானுக்கு நெருங்கிய உறவன்று. (பனங்கொட்டையின் உள்ளே இருக்கும் உண்ணத்தக்க பருப்பையும் சில பகுதிகளில் பூரான் என்பார்கள். அது வேறு.)

மழைக்காலத்தில் குளியலறை, கோடையில் தண்ணீர்ப் பானையின் அடி, தோட்டத்தில் பூந்தொட்டி, காட்டில் உளுத்த மரம் எனப் பூரான் தென்படும் இடங்கள் பலவாகத் தோன்றும். உண்மையில் இவை எல்லாம் ஒரே இடம்தான்: ஈரமும் இருட்டும் உள்ள இடுக்கு. பூரானின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் புரிந்துவிடும்.

உடலமைப்பு

பூரானின் உடல் தட்டையானது. பல கண்டங்களால் ஆனது. ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் இணைக் கால்கள் உள்ளன. மரவட்டை அல்லது ரயில் பூச்சி எனப்படும் உயிரியைப் பூரான் என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. மரவட்டையின் உடல் உருண்டையானது, பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணைக் கால்கள் இருக்கும், தொட்டால் சுருண்டுகொள்ளும், மக்கிய இலைகளைத் தின்னும். பூரான் சுருளாது, ஓடும்.

நூற்றுக்காலி என்ற பெயர் பொருத்தமானதன்று. பூரானின் கால் இணைகளின் எண்ணிக்கை இனத்துக்கேற்ப 15 முதல் 191 வரை வேறுபடும். ஆனால் அது இயல்பாக ஒற்றைப்படை எண்ணாகவே இருக்கும். நூறு கால்கள் வேண்டுமானால் 50 இணைகள் இருக்க வேண்டும். 50 இரட்டைப்படை எண் என்பதால் சரியாக நூறு கால்களுள்ள பூரானைக் காண இயலாது. நம் வீடுகளில் அச்சம் தரும் பெரிய பூரான்களுக்குப் பெரும்பாலும் 21 இணைக் கால்களே உள்ளன.

பூரான் வாயால் கடிப்பதில்லை, வாலால் கொட்டுவதுமில்லை. தலைக்கு அடுத்த கண்டத்திலுள்ள முதல் இணைக் கால்கள் கொடுக்குகளாக மாறியிருக்கின்றன. நஞ்சு இவற்றின் நுனியிலுள்ள துளை வழியே வெளியேறும். அதாவது பூரான் தன் கால்களால் கடிக்கிறது. விலங்குகளுள் இது மிக அரிய அமைப்பு. பின்புறம் நீண்டிருக்கும் கடைசி இணைக் கால்களைக் கண்டு அதுவே கொடுக்கு என்று கருதி, மறுமுனையைப் பிடிக்கப்போய்க் கடிபடுவோரும் உண்டு. அந்தக் கால்களில் நஞ்சு இல்லை. இரையைப் பற்றவும் எதிரியை மிரட்டவும் அவை பயன்படுகின்றன.

பூச்சிகளின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடலின் நீர் வெளியேறாமல் அது காக்கிறது. பூரானின் தோலில் அத்தகைய பாதுகாப்பு மிகக் குறைவு. மேலும் பெரும்பாலான இனங்களால் மூச்சுத்துளைகளை மூடிக்கொள்ள முடியாது. வறண்ட காற்றில் நெடுநேரம் இருந்தால் நீர் வற்றி இறந்துவிடும். ஆகவேதான் பகலில் ஈர இடுக்கில் பதுங்கி, வெயில் தாழ்ந்தபின் வெளியே வருகிறது. அதே சமயம் நீரில் மூழ்கிக் கிடக்கவும் பெரும்பாலான பூரான்களால் இயலாது. வடகிழக்குப் பருவமழையில் மண்ணிலுள்ள வளைகள் நிறைந்ததும் மேட்டைத் தேடி வெளியேறும். வீட்டின் வாசற்படியும் அதற்கு ஒரு மேடுதான்.

காட்டில்

இந்தியாவில் பரவலாகக் காணப்படும் பெரிய பூரான்களுள் ஒன்று ஸ்கோலோபென்ட்ரா மோர்சிடன்ஸ். இதற்கு 1758-இல் கரோலஸ் லின்னேயஸ் பெயரிட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஸ்கோலோபென்ட்ரா ஹார்ட்விக்கி என்னும் இனம் கருப்பும் ஆரஞ்சுமாகப் புலியின் வரிகளைப் போன்ற பட்டைகள் கொண்டது. அழகான உயிரி, அந்த வண்ணம் ஓர் எச்சரிக்கையும்கூட. உலகின் மிகப் பெரிய பூரான் தென் அமெரிக்காவின் வடபகுதியில் வாழும் ஸ்கோலோபென்ட்ரா ஜைகான்டியா. ஏறத்தாழ 30 செ.மீ. வரை வளரும் இது, வெனிசுவேலாவிலுள்ள குகை ஒன்றின் கூரையில் தொங்கியபடி வௌவால்களைப் பிடித்துத் தின்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

காட்டுக்கோ மலையேற்றத்துக்கோ செல்லும் மாணவர்கள் கல்லைப் புரட்டிப் பார்க்க விரும்புவது இயல்பு. கல்லை எப்படிப் புரட்டுவது என்பதைத் தெரிந்துகொண்டு புரட்டலாம். கல்லின் அப்பாலுள்ள விளிம்பைத் தன் பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது கல் ஒரு கேடயம்போல் இடையே நிற்கும்; அடியிலுள்ள பூரானோ தேளோ பாம்போ எதிர்ப்புறம் ஓடிவிடும். இதை மாற்றிச் செய்தால், ஓடும் உயிர் நேராகக் காலடிக்கு வரும். விரல்களைக் கல்லுக்கு அடியில் நுழைப்பதைவிட ஒரு குச்சியால் நெம்புவது மேல். பார்த்து முடித்தபின் கல்லை அது இருந்தபடியே மெல்ல வைத்துவிட வேண்டும். வெயில் பட்டு அந்த ஈரம் காய்ந்தால் அங்கிருந்த உயிர்களுக்கு இடம் போய்விடும்.

கல்லுக்கடியில் பூரான் ஒன்று வளையமாகச் சுருண்டு, நடுவே மஞ்சள் நிற மணிகளை அணைத்தபடி இருப்பதைச் சில சமயம் காணலாம். அது முட்டைகளைக் காக்கும் தாய். பூரான் சுருளாது என்பதற்கு இது ஒன்றே விலக்கு எனலாம். முட்டைகளில் பூஞ்சை பிடிக்காதபடி அது அவற்றை விடாமல் நக்கித் தூய்மை செய்கிறது. குஞ்சுகள் பொரித்து, தாமே இரை தேடும் வரையில் உடன் இருக்கிறது. இடையூறு நேர்ந்தால் முட்டைகளைக் கைவிடும், சில வேளை தானே தின்றுவிடும். இப்படி ஒன்றைக் கண்டால் கல்லை உடனே மூடிவிடுவதே நல்லது.

வீட்டில்

வீட்டுக்குள் வரும் பூரான் மனிதரைத் தேடி வருவதில்லை. கரப்பான், சில்வண்டு, கறையான், சிறு பல்லி ஆகியவை அதன் இரை. கரப்பான் மிகுந்த வீட்டில் பூரான் தென்படுவதில் வியப்பில்லை. நீண்ட மெல்லிய 15 இணைக் கால்களுடன் சுவரில் விரையும் வீட்டுப் பூரான் என்ற இனம் நடுநிலக்கடல் பகுதியிலிருந்து உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. அது பெரும்பாலும் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. பூச்சிகளைத் தின்று நன்மையே செய்கிறது. நம் ஊர்ப் பெரிய பூரானை அவ்வாறு வீட்டில் விட்டுவைக்க இயலாது, குறிப்பாகத் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில்.

பெரிய பூரானின் பார்வை மிக மங்கலானது. தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு எளிய கண்கள் இருந்தாலும், வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அவை அதிகம் உதவுவதில்லை. உணர்கொம்புகளால் தொட்டும் மோந்துமே அது வழி அறிகிறது. விளக்கைப் போட்டதும் பூரான் தம்மை நோக்கி ஓடி வந்ததாகப் பலர் கூறுவதுண்டு. அது ஓடுவது அருகிலுள்ள இருட்டை நோக்கி. கட்டிலின் அடியும் புடவையின் மடிப்பும் நிற்பவரின் நிழலும் அதற்கு இருட்டே.

வெறுங்காலால் மிதிப்பதும் கையிலிருக்கும் துணியால் பிடிப்பதும் கடிபடுவதற்கான வழிகள். நீண்ட துடைப்பத்தால் அதை மெல்ல ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தள்ளலாம். வழவழப்பான, உயரமான வாளியின் சுவரில் பெரிய பூரானால் எளிதில் ஏற முடியாது. பிறகு வீட்டிலிருந்து தள்ளி, புதர் அல்லது குப்பைமேட்டருகே விட்டுவிடலாம். அடிபட்டுக் கிடக்கும் பூரானை இறந்துவிட்டது என்று எண்ணிக் கையால் எடுக்கக் கூடாது.

வராமல் தடுப்பது ஈரத்தையும் இடுக்கையும் குறைப்பதில்தான் இருக்கிறது. குளியலறைக் கழிவுநீர்த் துளைக்குச் சல்லடை மூடி, கதவின் அடியில் இடைவெளி அடைப்பு, ஒழுகும் குழாயைச் சரிசெய்தல், விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரோடு ஒட்டி அடுக்காமல் இருத்தல் ஆகியவை பூச்சிமருந்தைவிட நெடுநாள் பயன் தரும். மழைநாளில் காலணிகளையும் பள்ளிக் காலுறைகளையும் உதறிப் போடும் பழக்கம் குழந்தைகளுக்கு வேண்டும். ஈர மிதியடியை இரவில் மடித்துப் போட்டு வைக்கக் கூடாது. தரையில் பாய் விரித்துப் படுப்போர் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கொசு, பூரான், பாம்பு மூன்றுக்கும் அது தடையாகும்.

கடித்தால்

பூரானின் நஞ்சு சிறு விலங்குகளுக்குக் கொடியது. சீனாவில் வாழும் ஓர் இனத்தைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, சுமார் 3 கிராம் எடையுள்ள பூரான் 45 கிராம் எடையுள்ள எலியை அரை நிமிடத்தில் செயலிழக்கச் செய்வதைக் காட்டியது. இதயம், நரம்பு ஆகியவற்றின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அந்த நஞ்சு அடைத்துவிடுகிறது. மனிதரின் உடல் எடைக்கு அந்த அளவு நஞ்சு மிகச் சிறிது. ஆகவே கடியால் மரணம் நேர்வது மிக மிக அரிது. பிலிப்பைன்ஸில் தலையில் கடிபட்ட ஏழு வயதுச் சிறுமி இறந்த நிகழ்வு மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படுவதே, அத்தகைய நிகழ்வுகள் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும்.

வலி மட்டும் குறைவானதன்று. கடித்த நொடியிலேயே தீப்பட்டதுபோல் எரியும். இடம் சிவந்து வீங்கும். அருகருகே இரண்டு புள்ளிகள் தெரியலாம். சிலருக்குத் தலைவலி, குமட்டல், நெறிக்கட்டு உண்டாகும். வலி சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரை நீடிக்கும்.

கடித்தது பூரான்தான் என்று கண்ணால் கண்டிருந்தால், இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். பிறகு பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில், 45 பாகை செல்சியசுக்கு மிகாமல், கடிபட்ட கையையோ காலையோ 20 முதல் 30 நிமிடம் அமிழ்த்தி வைக்கலாம். கடிபடாத கையால் சூட்டைச் சோதித்த பின்னரே வைக்க வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடக்கூடும். தைவானில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில் வெந்நீர், பனிக்கட்டி ஒத்தடம், வலிநீக்கி ஊசி மூன்றுமே வலியைக் குறைத்தன. பூரான் கடிக்கென நஞ்சுமுறி மருந்து எதுவும் மருத்துவமனைகளில் இல்லை. அறிகுறிகளுக்கே மருத்துவம் செய்வர். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்றும் பார்ப்பர். மூச்சுத்திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகள். இவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தைகளையும் முதியோரையும் வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

கடித்த இடத்தில் மண்ணெண்ணெய் பூசுவதும் பிளேடால் கீறுவதும் தோலைப் புண்ணாக்கும். கருப்பட்டி தின்னக் கொடுப்பது ஊர்ப்புறங்களில் பழைய வழக்கம். அதனால் கெடுதல் இல்லை. நஞ்சு முறிவதும் இல்லை.

காணாக்கடி

இருட்டில் ஏதோ கடித்தது, எது என்று தெரியவில்லை என்றால் அதைக் காணாக்கடி என்பது தமிழ்நாட்டு வழக்கு. பொழுது விடிந்ததும் மந்திரிக்க அழைத்துச் செல்வார்கள். பூரானாகத்தான் இருக்கும் என்று வீட்டில் ஒருவர் சொன்னால் மற்றவர்களும் அமைதியடைந்துவிடுவது உண்டு. பூரான் கடியைவிட ஆபத்தானது இந்த ஊகம்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குவோரைக் கடிப்பது அதன் கடிகளில் அடிக்கடி நேர்வது. அந்தக் கடி எறும்பு கடித்ததுபோல் இருக்கலாம், உணரப்படாமலும் போகலாம். வீக்கம் இராது, பல்லின் தடம்கூடத் தெரியாமல் இருக்கும். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, இமைகள் கீழே சரிதல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் தொடங்கும். பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

பூரான் கடியைக் கடிபட்டவர் உணராமல் இருப்பது அரிது. ஆகவே வலி இல்லை அல்லது லேசாக இருக்கிறது என்பது ஆறுதலுக்குரிய செய்தி அன்று. கடித்தது பூரான் அல்ல என்பதற்கே அது அடையாளம். மறுபுறம், கடும் வலி இருப்பதனால் மட்டும் பூரான் என்று முடிவு செய்யவும் முடியாது. கண்ணாடிவிரியன் கடியும் கடுமையாக வலிக்கும். இரண்டு புள்ளிகள் இருப்பதும் உதவாது. அவை இரண்டிலும் இருக்கலாம்.

எனவே கடித்த உயிரைக் காணாதபோது அதைப் பாம்புக்கடியாகவே கொள்ள வேண்டும். வெந்நீரோ பனிக்கட்டியோ வைக்கக் கூடாது. கயிற்றால் இறுகக் கட்டவோ கீறவோ கூடாது. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தி மூலம், இலங்கையில் 1990 மூலம், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனை செய்வார்கள். விரியன்களுள் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடிகளை அது காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் கடியில் இரத்தம் இயல்பாகவே உறையும். சோதனை சரியாக இருந்தும் நோயாளியை ஒரு நாள் முழுதும் படுக்கையில் வைத்து, இமைகளையும் மூச்சையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். ஒன்றும் இல்லையே, வீட்டுக்குப் போகலாமா என்று உறவினர் அவசரப்படுத்தாமல் அந்த 24 மணி நேரமும் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.