விலையும் பெறுமதியும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கைக்கு வரும் படிவங்கள் பல. காணி, வீடு, கிணறு, பயிர், கால்நடை என்று இழந்தவை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை எழுதும்படி அவை கேட்கின்றன. அந்தத் தொகைக்கு மேலே ஒரு சொல் நிற்கும். பிறைஸ், வலியூ, கொஸ்ற் என்று ஆங்கிலத்தில் நிற்கலாம். விலை, பெறுமதி, கிரயம் என்று தமிழிலும் நிற்கலாம். மூன்றும் ஒன்றுதானே என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் சொல் மாறினால் எழுத வேண்டிய தொகையும் மாறும். ஆகவே இச்சொற்களைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

பிறைஸ் என்பது விலை. விற்பதிலிருந்து பிறந்ததே விலை என்ற சொல். விற்பவரும் வாங்குபவரும் ஒரு நாளில், ஓரிடத்தில் இணங்கும் தொகை அது. அறுவடைக் காலத்தில் நெல்லின் விலை விழுகிறது. சில மாதங்களின் பின் ஏறுகிறது. மூடையில் இருப்பது அதே நெல்தான். மாறியது விலை மட்டுமே.

வலியூ என்பது பெறுமதி. ‘வலிமையாயிருத்தல், நலமாயிருத்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. நமது ‘வலிமை’யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் பொருளை நினைவில் வைக்க அது உதவும்: ஒரு பொருளிடம் உள்ள பலமே அதன் பெறுமதி. இச்சொல்லுக்கு இரு கருத்துகள் உண்டு என்று பொருளியல் அறிஞர் அடம் சிமித் 1776இல் வெளிவந்த தமது நூலில் காட்டினார். ஒன்று பயன்பாட்டுப் பெறுமதி. மற்றது பரிமாற்றுப் பெறுமதி. தண்ணீரின் பயன் மிகப் பெரிது. அதைக் கொடுத்து வாங்கக்கூடியது மிகச் சொற்பம். வைரத்தின் நிலை இதற்கு நேர்மாறு. விவசாயிக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வீட்டில் பசி இருந்தாலும் விதைநெல்லில் கைவைக்கத் தயங்குகிறோமே, ஏன்? சந்தை விலை அதன் முழுப் பெறுமதி அல்ல என்பதை நாம் அறிவோம்.

கொஸ்ற் என்பது கிரயம், அதாவது ஒன்றைப் பெறுவதற்கோ ஆக்குவதற்கோ செல்லும் செலவு. சுண்ணாம்புக் கல்லை உடைத்து வெட்டிய ஒரு தோட்டக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். அன்று அதை வெட்டச் சென்ற செலவு ஒரு தொகை. இன்று காணியோடு சேர்த்து விற்றால் அதற்குக் கிடைப்பது இன்னொரு தொகை. அதேபோன்ற கிணற்றை இன்று புதிதாக வெட்டுவதற்கு வேண்டியது வேறொரு தொகை. கிணறு ஒன்று, தொகை மூன்று. எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எழுதுபவர் பெரும்பாலும் குறைந்ததையே எழுதிவிடுகிறார்.

சட்டமும் இச்சொற்களிலேயே தங்கியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் நட்டஈட்டுக்கு அடிப்படையாகக் கொள்வது மார்க்கட் வலியூ, அதாவது சந்தைப் பெறுமதி. விற்க விருப்பமுள்ள ஒருவர் திறந்த சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய தொகை என்பது அதன் பொருள். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. 1990 முதல் பலர் கால்வைக்க முடியாதிருந்த செம்மண் தோட்டங்களும் அதில் அடங்கின. முட்கம்பிக்கு அப்பால் கிடக்கும் காணிக்குத் திறந்த சந்தை எங்கே? விற்க விரும்பியவர் யார்? இக்கேள்விகளைக் கேட்பது வழக்காடுவோருக்கு மட்டும் உரிய வேலையன்று.

2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியமர்த்தல் கொள்கை வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறது. அபிவிருத்தித் திட்டங்களுக்காகக் காணி இழப்போருக்கு றிப்பிளேஸ்மன்ற் கொஸ்ற் வழங்கப்பட வேண்டும் என்பது அது. இழந்ததை மீண்டும் அமைப்பதற்கான முழுச் செலவு என்று அதை விளங்கலாம். போரினால் இடம்பெயர்ந்தோருக்காக அக்கொள்கை எழுதப்படவில்லை. ஆயினும் இழப்பை இப்படியும் கணக்கிடலாம் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

டிப்பிறிசியேசன் என்ற சொல்லையும் கவனிப்போம். பழைமைக்காகத் தொகையைக் குறைப்பது அது. வீட்டுக்கு வயது இருபத்தைந்து என்றால் அதற்கேற்பக் கழித்துவிடுவர். ஆனால் பழைய ஓட்டையும் பழைய மரத்தையும் கொண்டு எவரும் நமக்கு வீடு கட்டித் தருவதில்லை. மீண்டும் அமைக்கும் செலவு என்றால் இக்கழிவு இருக்கக்கூடாது என்பதே உலகளாவிய நடைமுறை.

மயக்கம் தரும் சொற்களும் சில உண்டு. வேர்த்லெஸ் என்றால் பெறுமதி அற்றது. பிறைஸ்லெஸ் என்றாலோ விலைமதிக்க முடியாதது. இன்வலியூவபிள் என்பதும் அதுவே. பெறுமதியற்றது என்று அதை எண்ணி ஏமாறக்கூடாது. இவற்றுக்கு அடியில் உள்ள வேர்த் என்ற சொல்லைப் பொருட்களுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் சொல்வார்கள். நிவாரண வரிசையில் பல ஆண்டுகள் நின்றவர், தாமும் ஒரு அட்டையின் இலக்கம்தான் என்று எண்ணத் தொடங்கிவிடுவார். எந்த மழைக்கு விதைப்பது, எந்த மண்ணுக்கு எவ்வளவு நீர் என்ற அறிவு அவரோடுதான் இடம்பெயர்ந்தது. எந்தப் படிவத்திலும் அதற்கு நிரல் கிடையாது.

ஆகவே குடும்பமாக இருந்து ஒரு கொப்பியில் எழுதுவோம். எத்தனை பரப்புக் காணி, எத்தனை தென்னை, பனை, கிணற்றின் ஆழம், வேலி, மாட்டுக்கொட்டில், போகத்துக்குக் கிடைத்த விளைச்சல் என்று எதையும் விடாமல் எழுதுவோம். தமிழும் அரசகரும மொழி என்பதை 1987இன் 13ஆம் திருத்தம் உறுதிசெய்தது. தமிழ்ப் படிவத்தைக் கேட்டுப் பெறுவோம். தொகைக்கு மேலே நிற்கும் சொல் என்னவென்று அலுவலரிடம் கேட்போம். கழிவு உண்டா என்றும் கேட்போம். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஒப்பமிடுவோம்.