நாணற்பேனாவும் கணிப்பொறியும்

ஈரான் நாட்டில் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது நஸ்தாலீக் என்னும் எழுத்துமுறை. அதனை ஒழுங்குசெய்தவர் மீர் அலி தப்ரீஸி என்பது மரபு. பாரசீகக் கவிதைக்கு உரிய எழுத்தாக இன்றும் போற்றப்படும் இதனைக் கணிப்பொறியில் எழுத்துருவாக அமைப்பது எத்துணை அரிய செயல் என்பதை மாணவ நண்பர்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

தமிழில் மகரம் எங்கு வரினும் ஒரே வடிவினதே. நஸ்தாலீக் அவ்வாறன்று. எழுத்துக்கள் வலமிருந்து இடமாகக் கைகோத்துச் செல்லும். செல்லும்போதே சரிந்து இறங்கும். அண்டை எழுத்துக்கேற்ப உருவும் மாறும். இணைந்து வரும் தொடரின் கடைசி எழுத்தே கோட்டில் வந்து அமரும். அங்ஙனமாயின் முதலெழுத்தை எவ்வளவு உயரத்தில் தொடங்குவது? பின்வருவன எத்தனை, அவை எவ்வளவு இறங்கும் என்று அறிந்தாலன்றி விடையில்லை. எழுதுவோர் தொடர் முழுவதையும் மனத்தில் கண்ட பின்னரே நாணற்பேனாவை ஊன்றுகின்றனர்.

நேர்கோட்டில் அடுக்கும் ஈய அச்செழுத்துக்கு இச்சரிவு ஒத்துவரவில்லை. ஆதலின் ஈரானிய நாளிதழ்கள் நஸ்கு என்னும் நேரிய எழுத்தை மேற்கொண்டன. நஸ்தாலீக்கை விடாத உருது இதழ்களோ கையெழுத்தையே நம்பின. 1927-இல் சென்னையில் தோன்றிய 'முசல்மான்' நாளிதழும் பல பத்தாண்டுகள் அவ்வாறே வெளிவந்தது.

1981-இல் ஒரு வழி பிறந்தது. மிர்ஸா அகமது ஜமீல் என்னும் கலைஞர் ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்துக்களைத் தம் கையால் வரைந்தார். மோனோடைப் நிறுவனம் அவற்றைப் பொறியில் ஏற்றியது. வியத்தகு உழைப்புத்தான்! ஆயினும் இதனைப் பொறி எழுதக் கற்றது என்று கூற என் மனம் ஒப்பவில்லை. மனப்பாடம் செய்தது என்றே கூறுவேன். பட்டியலில் இல்லாத அயற்பெயர் ஒன்று வந்தால் அது திகைத்து நிற்கும்.

பின்னர் வந்தோர் விதிகளை வகுத்தனர். ஒவ்வொரு வடிவுக்கும் கோடு நுழையும் இடமும் வெளியேறும் இடமும் குறிக்கப்பட்டன. பொறி கடைசி எழுத்தைக் கோட்டில் நிறுத்தி, முன்னுள்ளவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்திப் பின்னோக்கிப் பொருத்துகின்றது. அப்பொழுதும் புள்ளிகள் தொல்லை தரும். நெருங்கிய சரிவில் ஓரெழுத்தின் புள்ளி மற்றோர் எழுத்தின்மேல் ஏறிவிடும். புள்ளி மாறினாலோ சொல்லே மாறிவிடும். அவற்றை மோதாது விலக்கவும் தனி விதிகள் வேண்டும்.

இன்னொன்று உண்டு. கவிதையடியை அழகுற நிரப்ப, கலைஞர் ஏதேனும் ஓரெழுத்தை வில்போல் வளைத்து நீட்டுவார். நீட்டத்தக்க எழுத்துக்கள் இவை என்று பொறிக்குச் சொல்லிவிடலாம். இவ்வடியில் எதனை நீட்டுவது, எதனை விடுவது என்பதை ஈரானியக் கலைஞர்கள் தம் கண்ணைக் கொண்டே முடிவுசெய்கின்றனர்.