வரியைச் சுமக்கும் வாடகைக்காரருக்கு நூலக அட்டை இல்லையா?

ஜனவரி 31 நெருங்குகிறது. இந்த ஆண்டுக்குரிய சோலைவரி முழுவதையும் அன்றைக்குள் கொழும்பு மாநகர சபையில் கட்டி முடிப்பவர்களுக்கு 10 சதவீதக் கழிவு கிடைக்கும். காலாண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். ஆனால் எமக்கு வந்திருக்கும் கடிதங்களில் பல இந்தக் கழிவைப் பற்றிக் கேட்கவேயில்லை. பொரளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று இடம் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: "வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைக்கு நூலக அட்டை எடுக்கப் போனால் வரியிறுப்பாளர் ஒருவரின் கையெழுத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் போட மாட்டேன் என்கிறார். நாங்கள் இந்த நகரத்து ஆட்கள் இல்லையா?"

இதற்கு விடை சோலைவரி கணக்கிடப்படும் முறைக்குள் இருக்கிறது. வீட்டின் வருடாந்தப் பெறுமானத்தில் ஒரு வீதமே வரி. அந்தப் பெறுமானம் உண்மையில் கைமாறும் வாடகை அல்ல. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் ஒரு வாடகைக்காரரைக் கற்பனை செய்துகொள்கிறது. பொது வரிகள் எல்லாவற்றையும் அவரே கட்டுவார். பழுதுபார்க்கும் செலவு வீட்டுக்காரருடையது. இந்த ஏற்பாட்டில் அப்படி ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை தருவார் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ, அதுவே வருடாந்தப் பெறுமானம். சொந்த வீட்டில் தனியாக வாழும் முதியவருக்கும் இதே கணக்குத்தான். அவர் யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை, விடப்போவதும் இல்லை. ஆனாலும் அவருடைய வீட்டில் ஒரு வாடகைக்காரரைக் குடிவைத்துப் பார்த்துத்தான் சபையின் வரிமதிப்பாளர் தொகையை எழுதுகிறார்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது. உரிமையாளர் சொல்லும் வாடகையை நம்ப வேண்டியதில்லை, ஒப்பந்தத்தில் குறைத்துக் காட்டினாலும் சபைக்கு நட்டமில்லை. ஆனால் நகரத்தின் வரிக்கணக்கு முழுவதும் ஒரு வாடகைக்காரரின் தோளிலேயே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். காகிதத்தில் இருக்கும் அந்த ஆள் எல்லா வரியையும் கட்டுகிறார். நிஜ வாழ்விலும் அப்படித்தான்: வரி கூடினால் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை கூடும். பற்றுச்சீட்டில் மட்டும் வாடகைக்காரரின் பெயர் இராது, 10 சதவீதக் கழிவும் அவரிடம் வந்து சேராது.

வரி நிலுவையானால் நிலைமை இன்னும் மோசம். சபை பறிமுதல் ஆணை பிறப்பிக்கலாம். அந்த ஆணை உரிமையாளரின் சொத்தோடு நிற்பதில்லை. அந்த வீட்டுக்குள் காணப்படும் அசையும் பொருட்கள் யாருக்குச் சொந்தமானாலும் அவற்றையும் கைப்பற்றச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு வரி கட்ட மறந்தால், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவரின் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஆபத்து வரலாம். நிலுவை அறவிடும்போது குடியிருப்பவரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த சட்டத்துக்கு, சேவை வழங்கும்போதும் அவரைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

இனி நூலகத்துக்கு வருவோம். பொரளைச் சந்தியிலிருந்து வோட் பிளேஸ் வழியாகப் போனால் நகர மண்டபம், அதற்கு எதிரே விகாரமகாதேவி பூங்கா, அதை அடுத்துக் கொழும்புப் பொது நூலகம். 1925 இல் டொக்டர் டபிள்யூ. ஆர்தர் டி சில்வா அளித்த இல்லத்தில் தொடங்கி, 1980 இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. நடத்துவது மாநகர சபை.

இலங்கையின் உள்ளூராட்சி நூலகங்களில் அங்கத்துவ விண்ணப்பத்துக்குப் பிணையாளர் கையெழுத்துக் கேட்பது நெடுங்கால வழக்கம். அந்தப் பிணையாளர் வரியிறுப்பாளராக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. புத்தகம் திரும்பி வராவிட்டால் யாரைப் பிடிப்பது? வீடு வாசல் உள்ளவர் ஓடிப்போக மாட்டார். நூலகம் தொடங்கிய காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். கொட்டாஞ்சேனையில் ஒரே மாடியில் நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் காலத்தில், வனாத்தமுல்லைத் தோட்டங்களில் ஒரு வரிமதிப்பு இலக்கத்துக்குப் பின்னால் சாய்கோடு மேல் சாய்கோடாக வீடுகள் நீளும் காலத்தில், அதே நிபந்தனை யாரை வெளியே நிறுத்துகிறது என்று சபை யோசிக்க வேண்டும். 'வதிவோர் எல்லோருக்குமான சேவை' என்று சொல்லப்படும்போது, வதிவோர் என்று கணக்கில் வருபவர் பெரும்பாலும் வீட்டு உறுதி வைத்திருப்பவர்தான்.

தமிழ்நாட்டில் இதே வரியை வேறு விதமாக நூலகத்தோடு இணைத்தார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் வந்த 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியையும் அறவிட வழி செய்தது. வீட்டுவரியில் நூலகத்தின் பங்கு எவ்வளவு என்று அங்கே தனியாகத் தெரிந்துகொள்ளலாம். இங்கே நூலகத்துக்கான பணம் சபையின் பொது வருமானத்துக்குள் கலந்து கிடக்கிறது. அதனால்தான் வாடகைக்காரர் "இதில் என் பங்கும் இருக்கிறது" என்று சொல்லத் தயங்குகிறார்.

வீட்டுக்காரர் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறார்? பயம். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குக் கொடுத்த பாதுகாப்பு, இன்று பெரும்பாலான புதிய வாடகைகளுக்குப் பொருந்தாவிட்டாலும், உரிமையாளர்களின் மனதிலிருந்து போகவில்லை. எந்தத் தாளிலும் வாடகைக்காரரின் பெயர் ஏறக்கூடாது என்று நினைக்கிறார்கள். நூலகப் படிவத்தில் போடும் பிணை ஒரு புத்தகத்தின் விலைக்குத்தான், வீட்டுக்கு அல்ல. வாடகைக்காரரின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறுவதாலும் வீடு கைமாறாது. ஆனாலும் இரண்டையும் மறுக்கிறார்கள். இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது புள்ளிகள் போய்விடும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

கொழும்புத் தமிழருக்கு வதிவிடச் சான்று வெறும் தாள் அல்ல. 2007 ஜூன் 7 அன்று புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை, தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர் என்று அப்போது செய்தி வந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முகவரியை நிரூபிக்க இன்னொருவரின் தயவை நம்பியிருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று பார்த்தோம். அதனால் நூலகக் கருமபீடத்தில் கேட்கப்படும் கையெழுத்தை நான் சிறிய விடயமாகப் பார்க்கவில்லை.

நூலகத்தில் இல்லாவிட்டாலும், வரிமதிப்பில் வாடகைக்காரருக்கு ஓர் உரிமை உண்டு. சபையின் வரிமதிப்புப் புத்தகத்தில் தாம் இருக்கும் வீட்டுக்குரிய பகுதியை உரிமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். வரி கூடிவிட்டது என்று வாடகையைக் கூட்டுகிறார்களா? போய்ப் பாருங்கள். எவ்வளவு கூடியது என்பது அதில் இருக்கும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வரிமதிப்பு அதிகம் என்றால்? அறிவித்தல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். முடிவு திருப்தியில்லாவிட்டால் நீதிமன்றம் போகலாம்.

தண்ணீர்க் கட்டணமும் இதற்குள் அடங்குமா? இல்லை, அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது.

மாநகர சபையின் இலவச மருந்தகத்துக்குச் சோலைவரிப் பற்றுச்சீட்டு வேண்டுமா? வேண்டாம்.

பொரளைக் கனத்தை மயானம் யாருடைய பொறுப்பு? மாநகர சபையுடையது.

தமிழில் கடிதம் எழுதினால் தமிழில் பதில் வருமா? வர வேண்டும், 1988 இன் 16 ஆம் திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்வது அதுதான்.

நூலக அங்கத்துவ விதிகளை எழுத்தில் தர மறுத்தால்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அட்டை கிடைக்கும்வரை தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது? வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை எவருடைய கையெழுத்தும் இல்லாமல் வாசிக்கலாம்.

மாநகர சபை செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. வரியிறுப்பாளரின் பிணைக்குப் பதிலாக, வாக்காளர் இடாப்பின் பிரதியையோ கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையோ ஏற்றுக்கொண்டு, ஒரு சிறு வைப்புப் பணத்தோடு அட்டை கொடுக்கலாம். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் தெரிவு செய்த சபை இல்லாமல் ஆணையாளரே நிர்வாகம் நடத்தினார். அப்போது கேட்க ஆளில்லை. 2025 ஜூனிலிருந்து சபையில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.

2026 ஜனவரி 31 சனிக்கிழமையில் வருகிறது. கடைசி நாளை நம்பாமல் வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள். ஜனவரி 31 க்கு மறுநாள், பெப்ரவரி 1, வாக்காளர் பதிவுக்கான தகுதித் திகதி: அன்று எங்கே வசிக்கிறீர்களோ அந்த முகவரியில்தான் உங்கள் பெயர் ஏற வேண்டும். கிராம உத்தியோகத்தர் படிவத்தோடு வரும்போது, வீட்டுக்காரர்களே, உங்கள் வீட்டில் குடியிருப்பவர்களின் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.