நெல்மணிக் கணக்கும் ஒரு பெரிய பகா எண்ணும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வழங்குமாறு அரசனிடம் பரிசு கேட்டவன் கதையை நாம் அறிவோம். 64 கட்டங்களிலும் சேரும் தொகை, 64 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்ததாகும். அது பகா எண்ணோ? தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததே பகா எண். முதல் இரு கட்டங்களில் 3 மணிகள். அடுத்த இரண்டில் 12. அதற்கடுத்த இரண்டில் 48. யாவும் மூன்றின் மடங்குகளே. ஆகவே முழுத்தொகையும் மூன்றால் வகுபடும். கட்டங்களைச் சமக் குழுக்களாகப் பிரிக்க இயன்றால் தொகையும் பிரிந்துவிடும். எனவே கட்டங்களின் எண்ணிக்கையே முதலில் பகா எண்ணாக இருத்தல் வேண்டும். அது மட்டும் போதுமா என்றால், போதாது. 11 கட்டங்களில் சேரும் 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகையாகும்.

இனி 127 கட்டங்களைக் கருதுவோம். தொகை 170141183460469231731687303715884105727, மொத்தம் 39 இலக்கங்கள். இது பகா எண் என 1644-இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி கூறினார், நிறுவினாரல்லர். வகுத்துப் பார்ப்போமெனின், நொடிக்கு நூறு கோடி ஒற்றையெண்களைச் சோதிக்கும் பொறிக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

1876-இல் எதுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் வகுத்திகளைத் தேடாமலே இதனைப் பகா எண்ணென நிறுவினார். (ஹனோய் கோபுரம் என்னும் விளையாட்டைப் படைத்தவரும் இவரே, அதன் நகர்த்தல் கணக்கும் நம் நெல்மணிக் கணக்கே!) அவர் முறையை 1930-இல் லேமர் எளிமைப்படுத்தினார். 4-இல் தொடங்குக, வர்க்கித்து இரண்டைக் கழித்து, ஆராயும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. 5 கட்டங்களுக்குரிய 31-ஐச் சோதிப்போம்: 4, 14, பின்னர் 194, அதன் மீதி 8, பின்னர் 62, அதன் மீதி பூச்சியம். கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைந்த தடவைகளில், அதாவது இங்கே மூன்றாம் தடவையில், பூச்சியம் வந்தமையால் 31 பகா எண்ணாகும். 127 கட்டங்களுக்கு 125 தடவைகளே போதும்.

மெர்சென் பட்டியலில் 67 கட்டங்களும் இருந்தன. அத்தொகை பகா எண் அன்றென்று லூக்கா கண்டார். ஆனால் அதன் காரணிகளை அவர் அறிந்திலர். 193707721, 761838257287 என்னும் அவ்விரண்டையும் அமெரிக்கரான கோல் 1903-இல் வெளியிட்டார். ஓர் எண் பகுபடும் என்று அறிதல் வேறு, அதனைப் பகுத்தல் வேறு. இரகசியச் செய்திகளைக் காக்கும் இக்காலக் குறிமுறைகள் சில இவ்வேறுபாட்டையே நம்பியுள்ளன.

1951 வரை லூக்காவின் எண்ணே அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணாக நின்றது. 2024-இல் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்குக் கட்டங்கள் 136279841. இலக்கங்களோ நான்கு கோடிக்கும் மேல். அதனை உறுதிசெய்ததும் இச்சோதனையே.

2 கட்டங்கள் 3-ஐத் தரும்; 3 கட்டங்கள் 7-ஐயும், 7 கட்டங்கள் 127-ஐயும், 127 கட்டங்கள் நம் எண்ணையும் தரும். யாவும் பகா எண்களே. நம் எண்ணின் அளவுக்குக் கட்டங்கள் அமைப்பின் வரும் தொகை எத்தகையது என்பதற்கு இன்றளவும் விடையில்லை.